ஒரே சமையலறை, இரண்டு ஆங்கிலம்

நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கே எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா பாத்திரம் கழுவுவது. 34 ஆண்டு கரும்பலகை துடைத்த கை இப்போது தட்டு துடைக்கிறது. போன வாரம் கை நிறைய சோப்பு நுரையோடு நின்றுகொண்டு, "அந்த டேப்பை மூடும்மா" என்று பேத்தியிடம் சொன்னேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓடிப்போய் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். நான் சொன்ன டேப் அவள் காதில் ஒட்டுகிற டேப்பாக விழுந்திருக்கிறது. குழாயைக் கைகாட்டினேன். "ஓ, ஃபாசெட்டா தாத்தா?" என்றாள்.

மகளும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஃபாசெட் என்ற சொல் எனக்குள் போய்க் குத்தியது. காரணத்தைச் சொல்கிறேன்.

1986 அல்லது 87 ஆக இருக்கும். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலமும் வரலாறும் எடுத்துக்கொண்டிருந்தேன். வருடத்தின் நடுவில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவள் அப்பா சில ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒருநாள், எங்கள் வீட்டுச் சமையலறை என்ற தலைப்பில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி எழுதச் சொன்னேன். அந்தப் பெண் குழாய்க்கு ஃபாசெட் என்றும், வாணலிக்கு ஸ்கில்லெட் என்றும், கத்தரிக்காய்க்கு எக்பிளான்ட் என்றும் எழுதியிருந்தாள். மூன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே டேப், ஃப்ரையிங் பேன், பிரிஞ்ஜால் என்று எழுதினேன். அதோடு விட்டேனா? "முட்டை காய்க்கும் செடியாம்!" என்று வகுப்பில் சத்தமாகப் படித்தேன். வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்று, "அங்கே அப்படித்தான் சார் சொல்வோம்" என்றாள் மெதுவாக. "இது அங்கே இல்லை, உட்கார்" என்றேன்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆங்கிலம்தான் சரியான ஆங்கிலம், அமெரிக்காக்காரன் பேசுவது கெட்டுப்போன ஆங்கிலம் என்பது அன்று என் எண்ணம். என் ஆசிரியர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது இங்கே நேரம் இருக்கிறது, பக்கத்தில் நல்ல நூலகமும் இருக்கிறது. படிக்கப் படிக்க, நான் வட்டமிட்ட அந்த மூன்று சொற்களின் வரலாறு வேறு மாதிரி இருந்தது.

முதலில் கப்பலில் இருந்து தொடங்குவோம். 1607-இல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள். இவர்கள் கொண்டு வந்த பெட்டிகளில் சட்டி பானையும் இருந்தது, அவற்றின் பெயர்களும் கூடவே வந்தன. அது ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம்.

ஸ்கில்லெட் என்ற சொல் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்திலேயே இருக்கிறது. நீளக் கைப்பிடி வைத்து, பெரும்பாலும் மூன்று காலோடு, கணப்பு நெருப்பின் மேல் நிற்கிற சட்டி அது. பிறகு அடுப்பு மாறியது, கால் போயிற்று, சட்டி தட்டையானது. இங்கிலாந்தில் அந்தப் பெயர் புழக்கத்திலிருந்து மறைந்து ஃப்ரையிங் பேன் நிலைத்தது. அமெரிக்காவில் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஃபாசெட்டும் அப்படித்தான். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மரப் பீப்பாயில் இருந்து மதுவை இறக்கச் செருகுகிற குழாய்க்கு அந்தப் பெயர். டேப் என்பதும் பீப்பாய்ச் சொல்தான், அதைவிடவும் பழையது. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்த காலத்தில் இங்கிலாந்து அண்ணனை வைத்துக்கொண்டது, அமெரிக்கா தம்பியை வைத்துக்கொண்டது. இன்றைக்கும் குழாய்த் தண்ணீரை அமெரிக்கர்கள் டேப் வாட்டர் என்றுதான் சொல்கிறார்கள். அண்ணனை முழுவதும் துரத்திவிடவில்லை.

இன்னும் ஒன்று. மேலிருந்து அடிக்கும் அனலில் கறியை வாட்டுவதை இங்கிலாந்தில் கிரில் என்பார்கள், இங்கே பிராயில் என்பார்கள். பிராயில் ஏதோ அமெரிக்கர்கள் கண்டுபிடித்த சொல் என்று நினைத்திருந்தேன். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாஸர் எழுதிய கான்டர்பரி கதைகளில் ஒரு சமையற்காரர் வருகிறார். அவர் கைவேலைகளில் ஒன்றாகவே அந்தச் சொல் சொல்லப்பட்டிருக்கிறது. கிரில் என்பது அதற்குப் பிறகு பிரெஞ்சிலிருந்து வந்தது. எது பழைய ஆங்கிலம், எது புது ஆங்கிலம் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக அமெரிக்காக்காரர் எல்லாவற்றையும் பழையபடி காப்பாற்றினார் என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டிலிருந்தும் வாங்கியிருக்கிறார். இன்றைய நியூயார்க் முதலில் டச்சுக்காரர்களின் ஊர், பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். கொடி மாறியது, அடுப்படி மாறவில்லை. டச்சு மொழியில் குக்யே என்றால் சின்னக் கேக். அதுதான் குக்கி. கூல் என்றால் முட்டைக்கோஸ், ஸ்லா என்றால் சாலட். கூல்ஸ்லா என்ற அந்தச் சொல்தான் இன்று கோல்ஸ்லா.

1796-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண் ஒரு சிறு சமையல் புத்தகம் வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். தலைப்புப் பக்கத்தில் தன்னை ஓர் அமெரிக்க அநாதை என்று குறிப்பிட்டுக்கொண்டவர் அவர். குக்கியும் ஸ்லாவும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. விடுதலைப் பிரகடனம் வந்து இருபதே ஆண்டில், படிப்பறிவு பெரிதாக இல்லாத ஓர் ஏழைப் பெண்ணின் புத்தகத்தில் ஒரு புது நாட்டின் சமையல் மொழி பதிவாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

பிஸ்கட் கதையும் இதோடு சேர்ந்தது. பிஸ்கட் என்றால் இருமுறை சுட்டது என்று பொருள். நெடுங்கடல் பயணத்தில் கெடாமலிருக்க ஈரம் வற்றச் சுட்ட கட்டி ரொட்டி அது. இங்கிலாந்தில் அந்த மொறுமொறுப்போடு பெயர் நின்றது. அமெரிக்காவில் மொறுமொறு வகைக்குக் குக்கி என்று டச்சுப் பெயர் வந்துவிட்டதால், பிஸ்கட் என்ற பெயர் நம் பன் போன்ற மென்மையான ஒரு பண்டத்துக்குப் போய்விட்டது. இங்கே காலைச் சிற்றுண்டிக்குப் பிஸ்கட் கேட்டால், டீயில் தோய்த்துச் சாப்பிடுகிற நம் பிஸ்கட் வராது.

அடுத்தது எங்கள் வீட்டில் நடந்த விபத்து. லண்டனில் இருக்கும் என் தங்கை மகள், கார்ன்ஃப்ளோர் அல்வா செய்முறையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை கடைக்குப் போய்ப் பெயர் பார்த்து கார்ன்ஃப்ளோர் வாங்கி வந்தார். என் மனைவி கிளறினாள், கிளறினாள், கிளறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வந்தது மஞ்சள் நிறத்தில் இனிப்பு மக்காச்சோளக் களி. மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்கு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

குற்றம் யார் மேலும் இல்லை. இங்கிலாந்திலும் நம் ஊரிலும் கார்ன்ஃப்ளோர் என்றால் வெள்ளை வெளேரென்ற மாவுச்சத்து. அதற்கு அமெரிக்கப் பெயர் கார்ன்ஸ்டார்ச். இங்கே கார்ன்ஃப்ளோர் என்றால் முழு மக்காச்சோளத்தின் நைசான மாவு. இந்தக் குழப்பத்துக்கும் வரலாறு உண்டு. 1842-இல் தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு என்பவர் மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரித்தெடுத்தார். எங்கே தெரியுமா? இதே நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டியில். முதலில் அது துணிக்குக் கஞ்சி போடத்தான் பயன்பட்டது. அதனால் இங்கே அந்தப் பொருளுக்கு ஸ்டார்ச் என்ற சலவைப் பெயரே நின்றுவிட்டது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி ஊரின் பிரவுன் அண்ட் போல்சன் நிறுவனம் 1854-இல் அதற்குக் காப்புரிமை பெற்று, உணவுப் பொருளாக, கார்ன் ஃப்ளோர் என்ற பெயரில் விற்றது. நம் அம்மாக்களுக்குத் தெரிந்தது அந்தப் பெயர். ஒரே பொருளுக்கு ஒரு கரையில் வண்ணான் வீட்டுப் பெயர், மறு கரையில் சமையல் வீட்டுப் பெயர்.

கார்ன் என்ற சொல்லைப் பற்றி வரலாறு படித்த மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் கார்ன் சட்டங்கள், 1815 முதல் 1846 வரை, உங்களுக்கு நினைவிருக்கும். மக்காச்சோளத்துக்கு ஏன் சார் இவ்வளவு சண்டை என்று ஒருவன் கேட்டான், யார் என்று அவனுக்கே தெரியும். பழைய ஆங்கிலத்தில் கார்ன் என்றால் தானியம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமையைக் குறிக்கும், ஸ்காட்லாந்தில் ஓட்ஸைக் குறிக்கும். அமெரிக்காவில் குடியேறியவர்கள், பூர்வகுடிகள் பயிரிட்ட தானியத்தை இந்தியன் கார்ன் என்றார்கள். நாளடைவில் முன்சொல் உதிர்ந்து கார்ன் மட்டும் மிஞ்சியது. நாம் சோறு என்றால் அரிசிச் சோறு என்று நினைக்கவில்லையா, அது போல. எந்தத் தானியம் வயிற்றை நிரப்புகிறதோ, பொதுப் பெயர் அதற்குப் போய்விடும்.

இனி என் மனத்தை அதிகம் உறுத்துகிற கத்தரிக்காய்க்கு வருகிறேன்.

எக்பிளான்ட் என்பது இங்கிலாந்திலேயே 18-ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். அங்கே அப்போது தெரிந்திருந்த ஒரு வகை வெள்ளையாக, சிறிதாக, அச்சு அசல் கோழிமுட்டை போலக் காய்த்தது. வெள்ளைக் கத்தரிக்காய் பார்த்திருக்கும் நமக்கு இது புரியும். அந்தப் பெயர் கடல் கடந்து அமெரிக்காவில் நிலைத்தது. இங்கிலாந்துக்காரர்கள் அதைக் கைவிட்டு ஓபர்ஜின் என்ற பிரெஞ்சுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சீமைச் சுரைக்காய் போன்ற ஒரு பச்சைக் காய்க்கும் இதே கதைதான். இங்கிலாந்து பிரெஞ்சைப் பார்த்து கோர்ஜெட் என்றது. அமெரிக்கா, குடியேறிய இத்தாலியர்களிடம் கேட்டு ஜுக்கினி என்றது.

ஓபர்ஜின் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்குக் கேட்டலான் மொழியிலிருந்து, அதற்கு அரபியிலிருந்து, அரபிக்குப் பாரசீகத்திலிருந்து, பாரசீகத்துக்கு இந்தியாவிலிருந்து. அரபிச் சொல்லின் இன்னொரு கிளை போர்ச்சுக்கீசில் பெரிஞ்ஜேலா ஆகி, அவர்களோடு இந்தியாவுக்கே திரும்பி வந்து பிரிஞ்ஜால் ஆனது. வடமொழியில் இருந்த மூலச் சொல்லே திராவிட மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் பழந்தமிழில் கத்தரிக்காய்க்கு வழுதுணை என்று பெயர், அந்தக் குடும்பத்துச் சொல் அது.

அதாவது, அந்தப் பெண் எழுதிய எக்பிளான்ட் தூய ஆங்கிலச் சொல். அதை அடித்துவிட்டு நான் எழுதிய பிரிஞ்ஜால்தான் ஆங்கிலமே இல்லை. இந்தியாவிலிருந்து கிளம்பி, உலகம் சுற்றி, போர்ச்சுக்கீசியர் கப்பலில் வீடு திரும்பிய சொல். லண்டன் காய்கறிக் கடைக்குப் போனாலும் பலகையில் ஓபர்ஜின் என்றுதான் இருக்கும் என்கிறாள் தங்கை மகள்.

பிரிந்த பிறகு வந்த பொருள்களுக்கு இரண்டு நாடும் தனித்தனியாகப் பெயர் வைத்துக்கொண்டன. 1810-இல் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் உணவை உலோகப் பெட்டியில் அடைத்துக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயப் பூச்சு, அதனால் இங்கிலாந்தில் டின். அந்தப் பெட்டியைக் கேனிஸ்டர் என்றும் சொன்னார்கள். அமெரிக்கர்கள் அதைச் சுருக்கிக் கேன் ஆக்கினார்கள். ஒருவர் உலோகத்தைப் பார்த்தார், மற்றவர் பாத்திரத்தைப் பார்த்தார். நாம் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்ததால் டின் பால், டின் மீன் என்கிறோம்.

குளிர்பெட்டிக் கதையில் நம் சென்னையும் வருகிறது. ரெஃப்ரிஜிரேட்டர் என்று ஒரு பெட்டிக்குப் பெயர் வைத்தவர் மேரிலாண்டைச் சேர்ந்த தாமஸ் மூர் என்ற விவசாயி. 1803-இல் காப்புரிமை பெற்றார். மரத்தொட்டி, உள்ளே தகரப் பாத்திரம், நடுவில் பனிக்கட்டி, சுற்றிலும் முயல் ரோமம். வெண்ணெய் உருகாமல் சந்தைக்குப் போக இந்த ஏற்பாடு. வடகிழக்கு அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகளே உறைந்துவிடும். பனிக்கட்டியை அறுத்து வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் விற்றார்கள். அதனால் இங்கே வீட்டுக்கு வீடு ஐஸ்பாக்ஸ் வந்தது, மின்சாரப் பெட்டி வந்த பிறகும் பெரியவர்கள் அதை ஐஸ்பாக்ஸ் என்றே சொல்லிவந்தார்கள். இங்கிலாந்து வீடுகளில் குளுமையான ஓர் அறையில் உணவை வைப்பார்கள், அதற்கு லார்டர் என்று பெயர்.

இப்படி அறுத்த பனிக்கட்டியை பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டூடர் என்பவர் 1833-இல் கல்கத்தாவுக்கே கப்பலில் அனுப்பினார். சென்னையில் அதைச் சேமிக்க 1842 வாக்கில் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். திருவல்லிக்கேணியில் பேருந்து நடத்துநர் ஐஸ் ஹவுஸ் ஐஸ் ஹவுஸ் என்று கூவும்போது, அமெரிக்க ஏரி ஒன்றின் பனிக்கட்டியைத்தான் கூவுகிறார்.

பெயர் ஒன்றாக இருந்து அளவு மாறுகிற கூத்தும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு பைன்ட் 568 மில்லி லிட்டர். அமெரிக்காவில் 473 தான். 1824-இல் இங்கிலாந்து தன் அளவைகளைச் சீர்திருத்திப் புது காலன் கொண்டுவந்தது. அமெரிக்காவோ அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. ஆன் அரசி காலத்து, 1707-ஆம் ஆண்டு மது காலனையே வைத்துக்கொண்டது. இங்கேயும் மாறியது தாய்வீடு, மாறாதது கட்டிக்கொடுத்த பெண். 1896-இல் பாஸ்டனின் ஃபேனி ஃபார்மர் தன் சமையல் புத்தகத்தில் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அமெரிக்க அடுப்படி கப் கணக்கில் நின்றது, இங்கிலாந்து தராசில் நின்றது. ஊருக்கு ஒரு படி வைத்திருந்த நமக்கு இது புதிதல்ல.

நம் வீட்டிலேயே பாருங்களேன். யாழ்ப்பாணத்துச் சம்பந்தி அம்மாள் விசுக்கோத்து என்பார், குசினி என்பார். இரண்டும் போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்றவை. நாகர்கோவில் மருமகள் அடுக்களை என்பாள், நாங்கள் அடுப்படி என்போம். கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் எத்தனை கேலி! யார் சொன்னது தப்பு? அவரவர் பாட்டி எந்தக் கரையில் அடுப்பு மூட்டினாளோ, அந்தக் கரையின் சொல் அவரவர் வாயில் இருக்கிறது.

அமெரிக்கனிசம் என்ற சொல்லையே 1781-இல் உருவாக்கியவர் ஜான் விதர்ஸ்பூன். ஸ்காட்லாந்தில் பிறந்து, இதே நியூ ஜெர்சியில் கல்லூரித் தலைவராக இருந்தவர். ஸ்காட்டுகளின் பேச்சு வழக்குக்கு ஸ்காட்டிசிசம் என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அந்த மாதிரியில் இதைச் செய்தார். நோவா வெப்ஸ்டரோ, 1828-இல் தன் எழுபதாம் வயதில், 70,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டு, எங்கள் சொல்லும் சொல்தான் என்று நிலைநாட்டினார். அந்த அகராதி வந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகு, ஒரு சிறு பள்ளியின் எட்டாம் வகுப்பில் நான் சிவப்பு மையோடு நின்றிருந்தேன்.

அந்தப் பெண் அதன்பிறகு அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் கையே தூக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். அடுத்த ஆண்டு அவள் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. போய்விட்டாள். இப்போது ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். எங்கே இருக்கிறாளோ தெரியாது. அவளோடு படித்தவர்கள் சிலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். பெயரை இங்கே எழுத வேண்டாம். தொடர்பு இருந்தால் இதை அவளுக்கு அனுப்பிவையுங்கள்.

உங்களில் பதினோரு பேர் இன்று ஆசிரியர்கள் என்று எண்ணி வைத்திருக்கிறேன். குழந்தை ஒரு புதுச் சொல்லோடு வந்தால், வட்டமிடும் முன் "இது எங்கே சொல்வார்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே இவ்வளவு வரலாற்றையும் நடத்தியிருக்கலாம். பாடம் என் கண்முன் எழுந்து நின்றது. உட்கார் என்று சொன்னது நான்.

அம்மா, அந்தப் பத்திக்கு நான் பத்துக்கு ஆறு போட்டேன். ஃபாசெட்டுக்கு ஒன்று, ஸ்கில்லெட்டுக்கு ஒன்று, எக்பிளான்டுக்கு ஒன்று. மூன்றையும் இன்று சேர்த்துக்கொள். ஒன்பது. மீதி ஒன்று எழுத்துப்பிழைக்காகக் குறைத்தது, அதில் மாற்றமில்லை. உன்னைப் பார்த்து வகுப்பைச் சிரிக்க வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

மற்றவர்கள், உங்கள் வீட்டுச் சமையலறையில் எந்தப் பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கிறது, யார் கொண்டு வந்த பெயர் என்று எழுதுங்கள். குழாய் சொட்டுகிறது, பேத்தி கூப்பிடுகிறாள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆங்கில, வரலாற்று வாத்தியார்